கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்

இரண்டு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதிக் கொட்டினால்தான் ஆறும் போலிருக்கிறது.

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை ஏரிக்குப் போனேன். வழக்கமான நாரையும் முக்குளிப்பானும்தான் இருக்கும் என்று போன இடத்தில், கரைச் சேற்றில் ஒரு சூட்டி டெர்ன் நின்றுகொண்டிருந்தது. முதுகு கரி, வயிறு வெள்ளை. நடுக்கடலில் வாழும் ஆலா என்ற கடல்பறவை வகை அது. இளம் பறவையாகக் கூட்டை விட்டுக் கிளம்பினால் பல ஆண்டுகள் தரையைத் தொடாமலே கடல்மேல் சுற்றும். இறகு சீக்கிரம் நனைந்துவிடும் என்பதால் தண்ணீரிலும் அதிக நேரம் உட்காராது. அப்பேர்ப்பட்ட பறவை சேற்றில் கால் ஊன்றி நிற்கிறது என்றால், உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கும்? நின்றபடியே கண் சொருகியது. ஓர் இறக்கை தொங்கியது. காற்று அடித்தபோது தள்ளாடி, மறுபடி காலை ஊன்றிக்கொண்டது.

சந்தோஷத்தில் நாலு பேருக்கு இடத்தைச் சொல்லிவிட்டேன். அந்த வகையில் என்மேலும் எனக்குக் கோபம்தான்.

ஒரு மணி நேரத்தில் பதினைந்து கேமரா. முதலில் எல்லோரும் தள்ளித்தான் நின்றார்கள். அப்புறம் ஒருவர் இரண்டடி முன்னே போனார், அவரை மறைக்காமல் எடுக்க இன்னொருவர் நாலடி போனார். கடைசியில் ஒருவர் கையைத் தட்டினார். பறக்கிற ஷாட் வேண்டுமாம்! "வேண்டாம் சார், ரொம்பக் களைச்சுப் போயிருக்கு" என்றேன். "நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கேன்" என்றார். நாலு மணி நேரம் வண்டி ஓட்டியவருக்கு, புயலோடு மல்லுக்கட்டி வந்த பறவையின் களைப்பு ஏன் புரியவில்லை?

மூன்று முறை எழுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் இன்னும் தாழ்வாகப் பறந்து, இன்னும் பக்கத்திலேயே இறங்கியது. நாலாவது முறை எழவில்லை. கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி விரலில் குத்தியது. இரை இல்லாமல் நெஞ்சுச் சதையே கரைந்திருக்கிறது. மதியத்துக்குள் செத்துப்போனது.

அரிய பதிவு, ஆதாரம் வேண்டும் என்கிறார்கள். சரி, வேண்டும். இதே சாயலில் இருக்கும் பிரைடில்ட் டெர்னுக்கு நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப் புருவம் போல நீளும். சூட்டிக்குக் கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டுக்கு முதுகும் இவ்வளவு கறுப்பு இல்லை. தொலைநோக்கியை ஊன்றித் தூரத்திலிருந்தே இதைப் பார்த்துவிடலாம். கை தட்ட வேண்டிய அவசியம் எங்கே வந்தது?

உதவி செய்கிறேன் என்று கொல்பவர்களும் இருக்கிறார்கள். ஷியர்வாட்டர், பெட்ரல் என்ற கடல்பறவை வகைகளுக்குக் கால் உடம்பின் பின்கோடியில் இருக்கிறது. தரையில் சரியாக நிற்கவே வராது. ராத்திரியில் ஈரத் தார்ச்சாலையைத் தண்ணீர் என்று நினைத்து இறங்கிவிட்டு எழ முடியாமல் கிடக்கும். அதைப் பிடித்து ஆகாயத்தில் வீசுகிறார்கள்! பூபி என்ற இன்னொரு கடல்பறவை கொத்துகிறது என்று அலகை ரப்பர் பேண்டால் கட்டுகிறார்கள். பூபிக்கு வெளியே மூக்குத் துளையே கிடையாது, வாய் வழியாகத்தான் மூச்சு. கட்டினால் மூச்சு முட்டிச் சாகும்.

கடல்பறவை விழுந்து கிடந்தால் கையுறை போடுங்கள். பறவைக் காய்ச்சலில் 2022இல் கடல்பறவைகள் கொத்துக்கொத்தாகச் செத்தது மறந்துபோச்சா? துணியால் மூடித் தூக்கி, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரை திணிக்காதீர்கள். வனவிலங்கு மீட்பவர்களைக் கூப்பிடுங்கள். பெட்டியைத் திறந்து திறந்து படம் எடுக்காதீர்கள்.

அடுத்த புயலுக்கும் ஏரிக்குப் போவேன். ஏதாவது வந்திருந்தால் குறித்து வைப்பேன். அது எழுந்து போகும்வரை இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.