பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வந்து போகும் சண்டை இது. யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "டேப் வாஷர் மாத்த பத்து நிமிஷம்தான் ஆச்சு. 400 ரூபா கேக்கறான். பகல் கொள்ளை." உடனே கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் முளைக்கும். இன்னொருவர் வந்து, தனக்குத் தெரிந்த பையன் 150 ரூபாய்க்கே செய்துவிடுவான் என்பார். அந்தப் பையனின் நம்பரைக் கேட்டால், அவன் இப்போ ஊர்ல இல்லையே என்று பதில் வரும். எப்போதுமே அவன் ஊரில் இருப்பதில்லை.

வீட்டு ரிப்பேர் செலவு ஏறிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் நாம் கோபப்படும் இடம் தப்பு என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரிகிற கூலியில் நூறு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறோம். கண்ணுக்குத் தெரியாமல் போகிற ஆயிரத்தை வாயைத் திறக்காமல் கொடுக்கிறோம். கூலியை அடித்து அடித்தே, பணத்தைப் பொருளுக்குள் ஒளித்து வாங்கும்படி பிளம்பர்களையும் எலக்ட்ரீஷியன்களையும் பழக்கிவிட்டோம்.

முதலில் அந்த 'பத்து நிமிஷ' கணக்கைப் பார்ப்போம். சென்னைப் புறநகரில் நான் இருக்கும் பக்கத்தில், கட்டட வேலைக்குப் போகும் பிளம்பருக்கு நாள் கூலி ஆயிரத்துக்கு மேல். காலையில் ஒன்பதரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்குக் கையில் காசு. மேஸ்திரி டீ வாங்கித் தருவார், பொருள் எல்லாம் சைட்டிலேயே இருக்கும், அலைச்சல் இல்லை. அந்த ஆள் உங்கள் வீட்டு டேப்புக்கு வர வேண்டுமென்றால் இதை விட்டுவிட்டு வர வேண்டும். கேட்டில் செக்யூரிட்டியிடம் பெயர், நம்பர் எழுதி, வண்டியை வெளியே நிறுத்தி, நான்காவது மாடி ஏறி வந்து பார்த்தால் அது வாஷர் கோளாறே இல்லை. நம்ம போர் தண்ணீர் உப்பு ஏறி, டேப்புக்குள் திரும்பும் தண்டு, அதாவது ஸ்பிண்டில், இறுகிப் போயிருக்கும். அந்தக் கம்பெனி ஸ்பிண்டில் முதல் கடையில் இருக்காது, இரண்டாவது கடைக்குப் போக வேண்டும். திரும்பி வந்து மாட்டுவதுதான் நீங்கள் பார்த்த பத்து நிமிஷம். இப்படி ஒரு நாளைக்கு மூன்று வீடு முடித்தாலே பெரிய விஷயம். அதில் ஒரு வீட்டில், "வீட்டுக்காரர் இல்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெட்ரோலுக்கு யார் காசு கொடுப்பது?

"நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்" என்று சொன்னவர் வராமல் போவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ராத்திரி சைட்டிலிருந்து போன் வந்திருக்கும். முழு நாள் கூலியா, உங்கள் டேப்பா என்றால் நானும் சைட்டுக்குத்தான் போவேன். வர முடியாது என்று ஒரு போன் பண்ணித் தொலைக்கலாம், அது வேறு விஷயம்.

இப்போது ஃபேன் கதைக்கு வருவோம். என் வாதமே இதற்குள்தான் இருக்கிறது.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, ஐந்தில் வைத்தாலும் இரண்டு மாதிரி ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சர். பெரும்பாலான ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதிய ஒரு சின்னப் பெட்டி, கப்பைக் கழற்றினால் தெரியும். விலை நூறு ரூபாய்க்குள். நேர்மையான எலக்ட்ரீஷியன் வருவார், ஸ்டூலில் ஏறி கையால் இறக்கையைச் சுற்றிப் பார்ப்பார், "கண்டென்சர் வீக்காயிடுச்சு" என்பார், மாற்றிக் கொடுப்பார். பொருளோடு சேர்த்து 350 ரூபாய் கேட்பார். நமக்கு ரத்தம் கொதிக்கும். "இத்துனூண்டு பொருளுக்கா?"

இன்னொருவர் வருவார். அதே ஃபேன்தான். "காயில் போயிடுச்சு சார், கழட்டி எடுத்துட்டுப் போய் கட்டிட்டு வரணும்" என்பார். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று கெட்டுப்போச்சாம். ஃபேனைத் தோளில் போட்டுக்கொண்டு போவார், மறுநாள் கொண்டுவந்து மாட்டுவார். 900 ரூபாய். கண்டென்சரை மட்டும் மாற்றினாரா, நிஜமாகவே காயில் கட்டினாரா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் இவரிடம் நாம் சண்டை போடுவதில்லை. பெரிய வேலை பார்த்திருக்கிறார், பாவம், தூக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறார் என்று மோர் கூடக் கொடுத்து அனுப்புகிறோம்.

இரண்டு பேரில் யார் நமக்கு மிச்சம் பண்ணிக் கொடுத்தது? யாரிடம் நாம் முகத்தைச் சுளித்தோம்? இதைப் பத்து வீட்டில் பார்த்த முதல் எலக்ட்ரீஷியன் பதினோராவது வீட்டில் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?

கோளாறு எங்கே என்று சரியாகச் சொல்வதுதான் இந்தத் தொழிலின் முக்கால்வாசித் திறமை. அதற்கு நாம் காசு கொடுக்க மாட்டோம். திருகுவதற்கும் உடைப்பதற்கும் பொருளுக்கும்தான் கொடுப்போம். அப்படியானால் அவர்கள் எதை விற்பார்கள்? திருகுவதையும் உடைப்பதையும் பொருளையும்தான்.

பொருளில் எப்படிப் பணம் போகிறது என்பது ஹார்டுவேர் கடைக்கு நாலு தடவை போனவர்களுக்குத் தெரியும். பைப், ஃபிட்டிங்ஸ், டேப் எல்லாவற்றிலும் எம்.ஆர்.பி. ஒன்று, கடைக்காரர் தொழில்காரருக்குப் போடும் விலை ஒன்று. நடுவில் இருக்கும் வித்தியாசம் சில பொருட்களில் தாராளமானது. பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்றே டோக்கன் போடும் வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. இப்போது ஒயர், பைப் கம்பெனிகள் கூட கியூஆர் கோடு வைத்துவிட்டன. எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ ஸ்கேன் செய்தால் அவர் கணக்கில் பாயிண்ட் ஏறும். இதெல்லாம் திருட்டு இல்லை, கம்பெனிகளே நடத்தும் விஷயம்தான். ஆனால் எந்தப் பொருளை மாற்றலாம், எதை விட்டுவிடலாம் என்று நமக்குச் சொல்லப்போகிறவர் அவர். மாற்றினால் அவருக்குப் பாயிண்ட், விட்டால் ஒன்றும் இல்லை. நாம் கூலியில் வெட்டிய நூறு ரூபாய் எந்த வழியாகத் திரும்ப வரும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் செலவிலேயே பெரியது பாத்ரூம் ஒழுகல். அபார்ட்மெண்ட்டில் குடியிருக்கும் எல்லாருக்கும் ஒருநாள் இது வரும். கீழ்வீட்டுக்காரர் வந்து, "எங்க பாத்ரூம் சீலிங்ல ஈரம் ஊறுது, உங்க வீட்டு லீக்தான்" என்பார். நாம் கூப்பிடும் முதல் ஆள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டைல்ஸ் உடைச்சுட்டு வாட்டர்புரூஃப் பண்ணணும் சார்" என்பார். உடைத்து, கோட்டிங் அடித்து, புது டைல்ஸ் போட்டு முடிப்பதற்குள் 30,000, 40,000 என்று போய்விடும். அதற்கப்புறமும் ஒழுகிய வீடுகளை எனக்குத் தெரியும்.

விஷயம் தெரிந்த பிளம்பர் சுத்தியலைத் தொடுவதற்கு முன் வேறு சிலதைச் செய்வார். பாத்ரூமுக்கு வரும் வால்வை ராத்திரி முழுக்க மூடி வைத்து, வாளித் தண்ணீரை மட்டும் பயன்படுத்தச் சொல்வார். கீழே சொட்டுவது நின்றால் தண்ணீர் வரும் பைப்பில் கோளாறு. அந்த இடத்தை மட்டும் கண்டுபிடித்தால் போதும், தரை முழுவதையும் பெயர்க்க வேண்டாம். நிற்கவில்லையென்றால் கழிவு நீர் போகும் பக்கம். தரை ஜாலியைத் துணியால் அடைத்து, தளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, சில மணி நேரம் விட்டுப் பார்ப்பார். அப்போது சொட்டினால் டைல்ஸ் இடுக்கிலோ தரையிலோ கசிகிறது. அதற்குப் பல சமயம் டைல்ஸ் இடுக்கில் பூசியிருக்கும் பழைய கிரவுட்டைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி அடைத்தாலே போதும். தண்ணீர் கட்டியபோது சொட்டாமல், ஜாலியைத் திறந்துவிட்டதும் சொட்டினால் ஜாலிக்குக் கீழே இருக்கும் நானி டிராப்பிலோ அதன் ஜாயிண்ட்டிலோ பிரச்சினை. சாயத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் உறுதிப்படுத்திக்கொள்வார்கள். இதற்கு அவர் இரண்டு தடவை வர வேண்டும். கையில் பெரிய வேலை எதுவும் செய்திருக்க மாட்டார். இதற்கு 1,000 ரூபாய் கேட்டால் கொடுப்பீர்களா? "சும்மா பாத்ததுக்கு ஆயிரமா" என்றுதான் குழுவில் எழுதுவோம். 40,000 செலவாகாமல் போனதை யாரும் குழுவில் எழுதுவதில்லை.

இதே நாம், வாஷிங் மெஷின் கம்பெனி சர்வீஸ்காரர் வந்து, திறந்து பார்த்து, "போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு விசிட் சார்ஜுக்கு ரசீது நீட்டினால் பேசாமல் ஜிபே பண்ணுகிறோம். ஆப் மூலம் வருகிற எலக்ட்ரீஷியனிடமும் அப்படித்தான். திரையில் விலை போட்டிருக்கிறது, சட்டையில் கம்பெனி பெயர் இருக்கிறது, அதனால் பேரம் கிடையாது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை கம்பெனி எடுத்துக்கொண்டு மீதியைத்தான் வேலை பார்த்தவருக்குத் தருகிறது. தெருமுனைக் கடையில் உட்கார்ந்திருக்கும் தம்பி அதே தொகையை நேரடியாகக் கேட்டால் மட்டும் கொள்ளையாகிவிடுகிறது. ரசீது புத்தகம் இருப்பவருக்கு ஒரு நியாயம், ஸ்குரூ டிரைவரைப் பின்பாக்கெட்டில் செருகியிருப்பவருக்கு இன்னொரு நியாயம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆளைப் பார்த்து விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வாசலில் கார் நின்றால் ஒரு ரேட், வயதானவர்கள் தனியாக இருந்தால் இன்னொரு ரேட். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் சம்ப் மோட்டார்கள் முழுகிப் போனபோது, காயில் கட்டும் கடைகளில் எவ்வளவு கேட்டார்களோ அவ்வளவு கொடுத்துவிட்டு வந்தவர்கள் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும், நியாயம்தான். இந்த ஆட்களை நான் தாங்கிப் பேசவில்லை. விலையை முன்கூட்டியே சொல்லாமல், வேலை முடிந்ததும் "பாத்துக் குடுங்க சார்" என்று தலையைச் சொறிவதும் எனக்கு எரிச்சலான பழக்கம். பார்த்துக் கொடுத்தால் முகம் தொங்கிவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி, இந்தச் செலவு யாருடையது என்பது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தில் இதற்குப் பட்டியலே இருக்கிறது. டேப், வாஷர், சுவிட்ச், சாக்கெட், வாஷ் பேசின், கீசர் ரிப்பேர் போன்றவை குடியிருப்பவர் செலவு. சுவருக்குள் ஓடும் பைப்பை மாற்றுவது, வயரிங், கட்டடத்தின் பெரிய ரிப்பேர்கள் வீட்டு உரிமையாளர் செலவு. நடைமுறையில் அட்வான்ஸ் பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் சட்டம். இருந்தாலும் அக்ரிமெண்ட் எழுதும்போதே இந்தப் பட்டியலைச் சேர்த்துக்கொண்டால் பின்னால் வாய்த்தகராறு குறையும்.

கரண்ட் வேலையில் மட்டும் விலை குறைவான ஆளைத் தேடாதீர்கள். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு வருடம், வயர்மேன் வேலைக்கு அரசு தேர்வு வைத்துத் தகுதிச் சான்றிதழ் தருகிறது. அதெல்லாம் ஒரு காரணத்தோடுதான். கீசர் மாட்ட வருகிறவர் எர்த் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டில் கரண்ட் கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் முதலில் அதற்குச் செலவு பண்ணுங்கள், அலங்கார லைட்டெல்லாம் அப்புறம். செப்டிக் டேங்க் விஷயத்தில் கூலிப் பேச்சே கிடையாது. உரிய பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் சுத்தம் செய்ய அதற்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். ஐந்நூறு சேர்த்துக் கொடுத்தால் இறங்கத் தயாராக ஒருவர் இருக்கிறார் என்பதால் அது சரியாகிவிடாது.

எங்கள் அசோசியேஷனில் நான் வைத்திருக்கும் யோசனை இதுதான். வந்து பார்த்து, கோளாறு என்ன என்று சொல்வதற்கு 250 ரூபாய். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உண்டு, "ஒண்ணும் பண்ண வேணாம் சார், நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னாலும் உண்டு. செய்கூலி தனியாக, வேலைக்கு முன்பே பேசியது. பொருளை வீட்டுக்காரரே பில்லோடு வாங்கித் தரலாம். பிளம்பரே வாங்கி வந்தால் அலைச்சலுக்கு ஒரு தொகையை வெளிப்படையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கழற்றிய பழைய பொருளை வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சனிக்கிழமை காலை என்று ஒரு நேரம் வைத்து, எல்லா வீட்டுச் சின்ன வேலைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் அவருக்கும் முழு நாள் கூலி தேறும், நமக்கும் ஆள் ஓடிப்போக மாட்டார். பிளம்பரிடம் கேட்டேன், உடனே சரி என்றார். செயலாளர்தான், "சும்மா வந்து பாக்கறதுக்கு 250 ரூபா ரொம்ப ஜாஸ்தியா இருக்கே" என்று அடுத்த மீட்டிங்குக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.

உங்கள் ஊரில் வந்து பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு வாங்குகிறார்கள்? ஊர் பெயரோடு கமெண்ட்டில் போடுங்கள். மீட்டிங்கில் காட்டுவதற்கு எனக்கு வேண்டும்.