படர்தாமரைக்கு அந்த ட்யூப் வேண்டாம்

மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டால், பல நேரம் கைக்கு வருவது மூன்று மருந்து கலந்த ட்யூப். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன். கடைசியாகச் சொன்ன இரண்டும் வீரியமான ஸ்டீராய்டுகள். படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று; அதில் இதைத் தடவவே கூடாது.

படர்தாமரை வட்டத்தை உற்றுப் பாருங்கள். நடுப்பகுதி தெளிந்திருக்கும், ஓரம் மட்டும் சிவந்து தடித்துச் செதில் விடும். தோலின் எதிர்ப்பு நடக்கும் இடம் அந்த ஓரம்தான். டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின்-17 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன, நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன, மேல்தோல் வேகமாக உரிந்து பூஞ்சையையும் சேர்த்து உதிர்க்கிறது. இதே இன்டர்லூகின்-17 அளவு மீறினால் சொரியாசிஸ் என்ற தோல்நோய். இந்தப் புரதத்தை அடக்கும் செக்குகினுமாப் ஊசி போடுபவர்களுக்குக் கேண்டிடா பூஞ்சைத் தொற்று கூடுவது தெரிந்த பக்கவிளைவு.

ஸ்டீராய்டு தடவியதும் இந்த எதிர்ப்பு அடங்கிவிடும். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும். பூஞ்சையோ தடையில்லாமல் பரவும். வட்டத்துக்குள் வட்டம் தெரிந்தால் ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை என்று சந்தேகிக்கலாம். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளக்கும். அந்தத் தழும்பு முழுதாக மறையாது.

ஸ்டீராய்டே கெட்டது என்று சொல்லவில்லை. கரப்பானுக்கு (எக்ஸிமா) அது நல்ல மருந்து. அங்கே எதிர்ப்பு தேவையில்லாமல் பொங்குகிறது, அடக்கத்தான் வேண்டும். பயந்துபோய்க் குழந்தையின் கரப்பானைச் சொறியவிடுவதும் தவறுதான். எவ்வளவு தடவுவது? பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

படர்தாமரைக்கு, பூஞ்சை மருந்து மட்டும் உள்ள க்ரீமை ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவுங்கள். மறைந்த பிறகும் 2 வாரம் விடாதீர்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். துண்டு, உள்ளாடையைத் தனியாகத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் சேர்ந்தே சிகிச்சை எடுக்க வேண்டும். இப்போது டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத பூஞ்சையும் இந்தியாவில் பரவியிருப்பதால், குறையவில்லை என்றால் மருந்தை நீங்களாக மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஏற்கெனவே அந்த ட்யூபைப் போட்டிருந்தால் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். நிறுத்தியதும் சில நாள் சிவப்பும் அரிப்பும் கூடலாம், அதற்காக மறுபடி அதைத் தடவிவிடாதீர்கள். அரிப்புக்கு மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கலாம்.