ஒரு அல்பமாவது முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா, ஐயா?

அந்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கொழும்பு வெள்ளவத்தை மண்டபம், ஞாயிறு மாலை, கலை நிகழ்ச்சி, ராப் பாட வந்த ஒரு பொடியனின் மைக் நின்றுபோகிறது. எனக்கு இன்பொக்ஸில் வந்து குவிந்துவிட்டது. நான் அங்கேதான் இருந்தேன், முன் வரிசைகளில் ஒன்றில். ஆகவே வீடியோவில் வராததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தக் கொட்டாஞ்சேனைத் தம்பி இரண்டாவது பாட்டைத் தொடங்கியதும் மைக் நின்றது 'தொழில்நுட்பக் கோளாறு' இல்லை. மேடையிலிருந்து ஒரு கை அசைந்தது, ஒலி மிக்சருக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன் சத்தத்தை இறக்கினார். பொடியன் மைக் இல்லாமலே நாலு வரி சொல்லிப் பார்த்தான். பின் வரிசையில் சிரிப்பு. ஃபோனில் ஓடிக்கொண்டிருந்த பீட்டைத் தானே நிறுத்தினான். சபையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினான். கும்பிட்டுவிட்டு! இவனைத்தான் பண்பாடு தெரியாதவன் என்று கொமென்ட் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு பிரதம விருந்தினர் எழுந்தார். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். "இது வெறும் வாய்ச்சத்தம். இதில் ஒரு தொகுப்பு, ஒரு படைப்பு என்று காட்ட ஏதாவது உண்டா? இவர்களுக்குப் பாரதியைத் தெரியுமா?" பலத்த கைதட்டல்.

கூட்டம் முடிந்து வடையும் பால் தேத்தண்ணியும் கொடுத்த இடத்தில் அவரிடம் மரியாதையாகவே கேட்டேன்: "ஐயா, எந்த அல்பத்தைக் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னீர்கள்?"

"கேக்க வேற வேணுமா தம்பி? பேரன் காருக்குள்ள போடுறானே."

சரி. ஆய்வு முடிந்தது. காலி வீதி நெரிசலில், ஏசி சத்தத்துக்கு நடுவே, பேரன் போட்ட ஏதோ ஒன்றில் பாதி. அதை வைத்து ஐம்பது வருடக் கலை ஒன்றுக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

என் கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு ஹிப்ஹொப் அல்பத்தையாவது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, இடையில் நிறுத்தாமல் கேட்டிருக்கிறீர்களா? கேட்டுவிட்டுத் திட்டுங்கள், வரவேற்கிறேன். கேட்காமல் திட்டுவதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்காதீர்கள்.

படைப்பு கேட்டீர்களே. கென்ட்ரிக் லமார் என்று ஒருவர், கலிபோர்னியாவில் கொம்ப்டன் என்ற ஊர்க்காரர். 2017இல் 'டாம்' என்ற அல்பத்தை வெளியிட்டார். அதன் கடைசிப் பாட்டில் ஒரு கதை வருகிறது. கோழிப்பொரியல் கடை ஒன்றில் ஒருவர் வேலை செய்கிறார். அந்தக் கடையைக் கொள்ளையடிக்கத் திட்டம் போட்டிருக்கும் ஒருவன் அடிக்கடி அங்கே வருகிறான். வேலைக்காரருக்கு ஆளைப் பார்த்தால் விளங்குகிறது. அவனுக்குக் காசு வாங்காமல் கோழி கொடுக்கிறார், இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைக்கிறார். கொள்ளை நடக்கும் நாளில் அவன் அவரை விட்டுவிடுகிறான். அந்த வேலைக்காரர் கென்ட்ரிக்கின் அப்பா. விட்டுவிட்டுப் போனவன், பல வருடம் கழித்து கென்ட்ரிக்கின் பாட்டுகளை வெளியிட்ட நிறுவனத்தின் முதலாளி. அன்றைக்கு அவன் சுட்டிருந்தால் மகன் அப்பா இல்லாமல் வளர்ந்திருப்பான், இந்த அல்பமே இருந்திருக்காது என்று சொல்லி, துப்பாக்கிச் சத்தம் ஒன்றுடன் ஒலிநாடா பின்னோக்கிச் சுற்றி, முதல் பாட்டில் கதை தொடங்கும் வரியில் வந்து நிற்கிறது. அதே வருட டிசம்பரில் பாட்டுகளைத் தலைகீழ் வரிசையில் வைத்து இன்னொரு பதிப்பும் வந்தது. எந்தத் திசையில் கேட்டாலும் ஒரு கதை. காருக்குள் பாதி கேட்டால் இது எங்கே விளங்கப்போகிறது?

அந்த அல்பத்துக்கு 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. சாஸ்திரிய இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுதான் முதல் தடவை. வெள்ளைக்காரன் பரிசு கொடுத்தால்தான் உயர்வா என்று ஒருவர் கேட்பார். இல்லை. ஆனால் பரிசைச் சொன்னால்தான் உங்கள் காது திறக்கிறது, அதற்காகச் சொன்னேன்.

நாஸ் என்பவரின் 'இல்மெட்டிக்' 1994. அப்போது அவருக்கு 20 வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நியூயோர்க் குவீன்ஸ்பிரிட்ஜ் தொடர்மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். பத்தே தடங்கள், ஏறத்தாழ 40 நிமிடம். அதற்குள் அந்தக் குடியிருப்பின் படிக்கட்டு, சிறையிலிருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதம், ரயில் சத்தம் எல்லாம் இருக்கின்றன. ஒரு பாட்டின் முடிவில் கோர்னெட் என்ற ஊதுகருவி ஒன்று வருகிறது. வாசிப்பது அவருடைய அப்பா, ஜாஸ் கலைஞர் ஒலு டாரா. மகன் தெருவைச் சொல்லி முடிக்க, அப்பா ஒரு சொல்லும் இல்லாமல் ஊதிவிட்டுப் போகிறார். எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். (அதே 1994இல் நம்மவர்கள் 'பேட்டை ராப்' கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அதிலும் பசியும் ரேஷனும்தான் வந்தன, யாரும் கவனிக்கவில்லை.)

"கெட்ட வார்த்தை" என்பீர்கள். வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் நீங்கள் கைதட்டி ஆடவிடும் சினிமாப் பாட்டுகளின் இரட்டை அர்த்தத்தை என்றைக்காவது உட்கார்ந்து பிரித்துப் பார்த்தீர்களா? ஆறு வயதுப் பிள்ளை மேடையேறி அதற்கு ஆடினால் பத்தாயிரம் ரூபா மாலை போடுகிறீர்கள். அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. லிஃப்ட் வேலை செய்யாத தொடர்மாடியைப் பற்றிச் சொன்னான், அம்மம்மாவை கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கியதைப் பற்றிச் சொன்னான். அதில் எந்தச் சொல் உங்களைச் சுட்டது?

"பெண்களை இழிவுபடுத்துகிறார்கள்." பல அல்பங்களில் உண்மை, அந்தப் பாட்டுகளை நான் தாண்டிவிடுவேன். லாரின் ஹில் என்ற பாடகி 1998இல் தனியாகப் போட்ட அல்பத்தையும் கேளுங்கள். 1999இல் அந்த வருடத்தின் சிறந்த அல்பம் என்று கிராமி வாங்கியது, ஹிப்ஹொப்பில் முதல் தடவையாக. அடுத்தது.

"இது நம்முடையது இல்லை, இறக்குமதி." இதுதான் எனக்கு உண்மையிலேயே எரிகிறது. அந்த மேடையில் உங்களுக்கு முன்னால் வாசித்தார்களே வயலின், அது எந்தக் கோயிலில் பிறந்தது? பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்தார், நம்முடையதாகிவிட்டது. விருந்து முடிந்து நீங்கள் எல்லாரும் ஆடிய பைலா? போர்த்துக்கேயரும் ஆபிரிக்க வழிவந்த காப்பிரிகளும் கொடுத்தது. நிதி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் நேற்று மேடையில் 'நமது பொற்காலம்' என்று புகழப்பட்டன. எங்கள் வீட்டில் தாத்தா அதே பொப்பிசை வந்தால் ரேடியோவின் குமிழைத் திருகிவிடுவாராம், அப்பா சொல்வார். "கூத்தாடிச் சத்தம்." அன்றைக்குக் குமிழைத் திருகினார்கள், இன்றைக்கு மிக்சரை இறக்குகிறீர்கள். தலைமுறைதோறும் மாறுவது உங்கள் கையிலிருக்கும் சாதனம் மட்டும்.

நம்முடையது என்றால் என்ன என்று நான் கேட்கலாமா? மாதங்கி மாயா அருள்பிரகாசம். மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போருக்குள் வளர்ந்து, அகதியாகத் திரும்பிப் போன பிள்ளை. முதல் அல்பத்துக்கு 2005இல் அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார், 'அருளர்'. 2007இல் இரண்டாவதுக்கு அம்மாவின் பெயர், 'கலா'. அமெரிக்க விசா இழுபட்டதால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். அதில் ஒரு பாட்டில் உறுமி மேளம் அடி பின்னும். லண்டன் கிளப்களில் உறுமி! 2009 கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு நின்றார். அவரின் அரசியலோடு எனக்குப் பல இடங்களில் பிணக்கு உண்டு, அது வேறு பதிவு. ஆனால் ஈழத்து அம்மா ஒருவரின் பெயரை உலகம் முழுக்க ஒரு இசைத்தட்டின் முகப்பில் வைத்தது யார், உங்கள் கலை மன்றமா?

'கலா' வந்தபோது, அந்தப் போர்க்காலத்தில், கொழும்பு எப்படி இருந்தது என்று வயதில் மூத்தவர்களுக்குத் தெரியும். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக மாட்டோம். டொரொன்டோ மச்சான் கொண்டுவந்ததை நான் ஒரு வெற்று சிடியில் அடித்து, மேலே மார்க்கரால் 'திருவாசகம்' என்று எழுதி வைத்திருந்தேன். பம்பலப்பிட்டியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பையைக் கிளறிய சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். சிடியை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மே மொகக்த?" (இது என்ன?) "பக்தி கீத, மஹத்தயா." (பக்திப் பாட்டு, ஐயா.) திரும்பப் பைக்குள் வைத்தார், அதுவும் கவனமாக, கீறல் விழாமல். மாணிக்கவாசகர் என்னைக் காப்பாற்றினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, முழுசாகக் கேட்டேன். அப்படிப் பயந்து பயந்து கேட்ட இசையை இன்றைக்கு ஒருவர் வடை தின்றுகொண்டே 'வாய்ச்சத்தம்' என்கிறார்.

"தமிழில் என்ன இருக்கிறது?" மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா குழுவோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' அல்பம் போட்டார். அந்தக் காலத்தில் கொழும்பில் டியூஷன் போன பிள்ளைகளைக் கேளுங்கள், 'மடை திறந்து' மனப்பாடமாக வரும், இரசாயனம் வராது. நம்ம கிருஷான் மகேசனின் 'ஏசியன் அவென்யூ'வை மறந்துவிட்டீர்கள், அவரும் இந்த ஊர்தான். நம்ம ராப் பாடகர் ஏ.டி.கே. 2013இல் ரஹ்மான் இசையில் 'கடல்' படத்தில் பாடியதும் கொஞ்ச நாள் பெருமைப்பட்டீர்கள். சினிமாவுக்குப் போனால்தானே நம்மவர் நம்மவராகிறார்.

அப்புறம் தமிழ்நாட்டு ராப் பாடகர் அறிவு. 2019இல் 'தெருக்குரல்' அல்பம். அதைக் கேட்டுவிட்டு வந்து பாரதி தெரியுமா என்று கேளுங்கள் பார்ப்போம். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி'. உங்கள் எல்லார் வீட்டுப் பிறந்தநாளிலும் அது ஓடியது, பலூனும் கேக்குமாக. அந்தப் பாட்டு யாருடையது என்று யோசித்தீர்களா? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பிறகு கப்பலேற்றப்பட்டவர்களில் ஒருவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்த எண்ணுக்குள் என் அம்மம்மாவின் தங்கையும் ஒருத்தி. தலவாக்கலையிலிருந்து கோத்தகிரிக்கு. அங்கே போயும் 'சிலோன்காரி'. அவர் அனுப்பிய கடிதங்களை அம்மம்மா பவுடர் டின்னுக்குள் வைத்திருந்தார். வாசிக்கத் தெரியாது. யாராவது வீட்டுக்கு வந்தால் எடுத்து நீட்டுவார்.

அந்தப் பாட்டை எழுதியவரையே ஒரு சஞ்சிகை அட்டையில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த கனடா ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போல் அந்த அட்டையில் இருந்தார், அது சந்தோஷம்தான். ஆனால் அறிவு இல்லை. சத்தம் போட்ட பிறகு தனியாக ஒரு அட்டை வந்தது. தோட்டத்துப் பாட்டியின் கதை வேண்டும், பேரனின் முகம் வேண்டாம். இங்கேயும் அதேதானே. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பின்னால் இருந்த அம்மா பக்கத்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "தோட்டத்தால வந்த ஆக்கள் போல, கொட்டாஞ்சேனைப் பக்கம்." பாட்டு தொடங்கவே இல்லை அப்போது. பொடியன் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஆகவே தாளம், சொல், பண்பாடு என்று என்னிடம் வராதீர்கள். அவன் வாயைத் திறக்க முதலே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்த அம்மாவின் வீட்டில் சமைப்பது யார், எந்தத் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை என்றும் எனக்குத் தெரியும். எழுதவில்லை.

"ஏன் இவ்வளவு கோபம், சின்ன விஷயம்தானே" என்று ஒரு நண்பர் காலையில் எடுத்துச் சொன்னார். உனக்குச் சின்ன விஷயம் மச்சான். உன்னுடைய அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கவில்லை.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று. பங்குபற்றிய எல்லாருக்கும் மேடையில் சான்றிதழ் கொடுத்தீர்கள், அவன் பெயரைக் கூப்பிடவில்லை. நிகழ்ச்சி நிரலில் பதினொன்றாவதாக அச்சடித்திருக்கிறது, என்னிடம் பிரதி இருக்கிறது. இந்தக் கிழமைக்குள் அதை அவனிடம் சேர்த்துவிடுங்கள். பெயரைப் பிழையில்லாமல் எழுதி.