லண்டனில் இப்போது நிற்கும் குளோப் அரங்கம் 1599ல் கட்டியது இல்லை

ஒருவர் லண்டன் தேம்ஸ் ஆற்றங்கரையில் இப்போது நிற்கும் குளோப் நாடக அரங்கத்தின் படத்தைப் போட்டு, "ஷேக்ஸ்பியர் நடித்த அதே கட்டடம், 400 வருஷமாக அப்படியே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அது தவறு. படத்தில் இருப்பது 1997ல் திறந்த மறுகட்டுமானம், அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் பல வருஷம் அலைந்து திரிந்து கொண்டுவந்தது, திறப்பைப் பார்க்காமலேயே 1993ல் இறந்துவிட்டார். ஷேக்ஸ்பியர் காலத்து குளோப் இருந்த இடம்கூட இது இல்லை, அது கொஞ்சம் தள்ளி, பார்க் தெருப் பக்கம்.

அசல் குளோப்பின் கதையே தனி. லண்டனின் ஷோர்டிச் பகுதியில் ஷேக்ஸ்பியரின் குழு முன்பு நடித்துவந்த வேறொரு அரங்கத்தின் நிலக் குத்தகை முடிந்து, நிலத்துக்காரரோடு தகராறு வந்ததும், 1598 டிசம்பர் கடைசியில் அதன் உரிமையாளர்களான பர்பேஜ் சகோதரர்கள் தச்சரோடு ஆட்களைக் கூட்டிப்போய் அந்த அரங்கத்தைப் பிரித்து, அதன் மரங்களைக் கொண்டே 1599ல் ஆற்றின் தென்கரையில் குளோப்பை எழுப்பினார்கள். 1613 ஜூன் 29 அன்று 'எட்டாம் ஹென்றி' நாடகத்தில் வெடித்த பீரங்கியின் பொறி கூரை வைக்கோலில் விழுந்து அரங்கமே எரிந்துபோனது. ஒருவரின் காற்சட்டையில் பற்றிய தீயை பீர் ஊற்றி அணைத்ததாக அன்றைய கடிதம் ஒன்று சொல்கிறது. அடுத்த வருஷம் ஓட்டுக்கூரையோடு திரும்பக் கட்டினார்கள், 1642ல் நாடகத் தடை வந்து அதுவும் மூடப்பட்டது.

ஆனால் இப்போதைய கட்டடத்தைப் போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். ஓக் மரச் சட்டங்களை மர ஆணி அடித்தே இணைத்திருக்கிறார்கள், நாணல் வேய்ந்த கூரைக்குத் தனி அனுமதி வாங்கி, மேலே தண்ணீர் தெளிக்கும் குழாயும் வைத்திருக்கிறார்கள்.