90 நிமிடக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்

படுத்ததிலிருந்து 90 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்தால் எல்லாக் கனவும் நினைவில் நிற்கும் என்று சிலர் சொல்வது தவறு. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் தூக்கச் சுற்றுக்கு 90 நிமிடம் என்பது வெறும் சராசரி, ஆளுக்கு ஆள் மட்டுமில்லை, ஒரே இரவில் சுற்றுக்குச் சுற்றுகூட மாறும். 1953-இல் சிகாகோவில் தூக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் தூங்குபவர்களின் கண்கள் வேகமாக அசைவதைப் பார்த்துத்தான் எழுப்பினார்கள், அப்படி எழுப்பிய 27 தடவையில் 20 தடவை விவரமான கனவு கிடைத்தது. முன்னிரவில் கண்கள் அப்படி அசையும் கனவுக் கட்டம் சில நிமிடம்தான், விடியற்காலையில்தான் நீளும். சும்மா நான்கு தடவை எழுந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், ஐந்தாறு மணி நேரம் தூங்கியபின் ஒரே ஒரு அலாரம் போதும். அடித்ததும் புரளாமல், போனை நோண்டாமல், கண்ணை மூடியபடியே கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் தலையணைப் பக்கத்து நோட்டில் இரண்டு வரி கிறுக்கிவிடுங்கள்.