கம்மின்ஸின் சிரிப்பும் அந்தப் பத்து ஓவரும்

2023 ஒருநாள் உலகக் கோப்பையின் அகமதாபாத் இறுதிப் போட்டி என்று பேச்சு வந்தாலே நம்மாட்கள் முதலில் எடுப்பது, முந்தின நாள் பிரஸ் மீட்டில் ஆஸ்திரேலிய கேப்டன் பாட் கம்மின்ஸ் சொன்னதைத்தான். பெருங்கூட்டம் வாயடைத்துப் போவதைக் கேட்பதுபோல் நிறைவு வேறில்லை என்றார் சிரித்துக்கொண்டே. அடுத்த நாள் கோலி ஸ்டம்ப் சரிந்தபோது மைதானமே அப்படித்தான் ஆனது. அதை வைத்து "என்னா கெத்து" என்று மீம் போட்டுத் தள்ளினோம். அந்தக் கெத்தைப் பிடித்துக்கொண்டு கேப்டன்சியை விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

ஸ்கோர்கார்டை எடுத்து ஆஸ்திரேலியப் பந்துவீச்சை மட்டும் பாருங்கள். ஸ்டார்க், ஹேசல்வுட், கம்மின்ஸ், ஜாம்பா நாலு பேரும் தலா 10 ஓவர். 50-ல் மிச்சம் 10 ஓவர். எந்த ஒருநாள் அணிக்கும் ஓட்டை அங்கேதான், அந்த ஐந்தாவது பவுலரின் பங்கில்தான். எதிரணி அதைத்தான் குறிவைக்கும். கம்மின்ஸ் அதை மூன்றாக உடைத்தார்: மேக்ஸ்வெல் 6 ஓவர் 35 ரன், மார்ஷ் 2 ஓவர் 5, ஹெட் 2 ஓவர் 4. ஆகமொத்தம் 10 ஓவருக்கு 44 ரன், ரோகித் விக்கெட்டும் சேர்த்து. ஜாம்பா கொடுத்ததும் அதே 44தான். பகுதிநேரப் பந்துவீச்சை ஒரு முழுநேர ஸ்பின்னர் விலைக்கு முடித்துவிட்டார் மனுஷன்!

எப்படி முடிந்தது? நேரம் பார்த்து. பவர்பிளேயில், அதாவது முதல் 10 ஓவரில், உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள்தான் நிற்கலாம். 11-வது ஓவரிலிருந்து 40 வரை நாலு பேர். ரோகித் அடித்து ஆடிக்கொண்டிருக்கும்போதே பவர்பிளேயில் மேக்ஸ்வெல்லிடம் பந்தைக் கொடுத்தது சூதாட்டம்தான். சிக்ஸரும் போனது, ஃபோரும் போனது. ஆனால் அதே 10-வது ஓவரில் ரோகித் மறுபடி இறங்கி அடிக்கப்போய், ஹெட் பின்னால் ஓடிப் பிடித்த கேட்சில் 47-க்கு அவுட். அடுத்த ஓவரிலேயே கம்மின்ஸ் பந்தில் ஷ்ரேயஸ், கீப்பர் கையில். ஹெட், மார்ஷ் ஓவர்களை எல்லாம் இதற்குப் பிறகு, கோலியும் ராகுலும் விக்கெட்டைக் காப்பாற்றும் கவலையில் இருந்த நேரத்தில் ஓசைப்படாமல் நுழைத்துவிட்டார். பேட்ஸ்மேன் அடிக்கத் தயங்கும் நேரத்தில் மட்டமான பவுலரைப் போட்டு ஓவரைக் கழிப்பது பழைய வித்தைதான். ஆனால் இறுதிப் போட்டியில், எதிரே கோலி நிற்கும்போது ஹெட் கையில் பந்தைக் கொடுக்க நெஞ்சுரம் வேண்டும்.

முதல் 10 ஓவரில் 80 அடித்த இந்தியா, மீதி 40 ஓவரில் அடித்தது நாலே பவுண்டரி. நடுவில் 97 பந்துகள் ஒரு பவுண்டரிகூட இல்லை. பிட்ச் ஏற்கெனவே இந்தியா–பாகிஸ்தான் ஆடிய பிட்ச், காய்ந்து கிடந்தது. பகலில் பந்து நின்று வந்தது. கம்மின்ஸ் முழு நீளத்தில் ஒன்றும் போடவில்லை. கொஞ்சம் குட்டையாகப் பிட்ச் செய்து, விரலை உருட்டி கட்டர், நடுநடுவே வேகத்தைக் குறைத்து. அந்த நீளத்தில் டிரைவ் ஆடவும் முடியாது, வேகம் இல்லாததால் புல் ஆடினாலும் டைமிங் கிடைக்காது. 10 ஓவர், 34 ரன், 2 விக்கெட், ஒரு பவுண்டரி கிடையாது. கோலி 54-ல் அவுட் ஆனதும் இப்படி எழும்பி வந்த ஒரு பந்தை இழுத்து ஸ்டம்பில் விட்டுக்கொண்டுதான்.

டாஸ் வென்று பந்துவீசியதும் இதே கணக்குதான்: பகலில் பந்து நிற்கும், ராத்திரி பனி இறங்கினால் பந்து வழுக்கிக்கொண்டு பேட்டுக்கு வரும். இறுதிப் போட்டி என்றால் முதலில் ஸ்கோர் போட்டு நெருக்கடி கொடு என்பதுதான் வழக்கமான பாடம். ரோகித்தும் தான் ஜெயித்திருந்தால் பேட்டிங்தான் என்றார். பனி இறங்காமல் போயிருந்தாலோ, ஆஸ்திரேலியா 47-க்கு 3 என்று நின்ற இடத்தில் இன்னொரு விக்கெட் விழுந்திருந்தாலோ, இன்று இதே டாஸை வைத்து அவரைக் கிழித்திருப்போம். ஹெட் 137 அடித்துக் காப்பாற்றினார். அந்த ஹெட், கை உடைந்த நிலையில் அணியில் சேர்க்கப்பட்டு, முதல் ஐந்து ஆட்டம் வெளியே இருந்தவர். அதில் சேப்பாக்கத்திலும் லக்னோவிலும் தோற்று அணி தள்ளாடியபோதும் அவருக்குப் பதில் ஆள் எடுக்கவில்லை. தேர்வுக்குழுவும் கேப்டனும் சேர்ந்து எடுத்த முடிவு அது. மீம் போட அதில் ஒன்றும் இல்லை, அதனால் யாரும் பேசுவதில்லை.

சரி, இமேஜ் விஷயத்துக்கு வருவோம். 2018 கேப் டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்த விவகாரத்தில் ஸ்மித்தின் கேப்டன் பதவி போய், அடுத்து வந்த டிம் பெய்னும் 2021 நவம்பரில் விலகிய பிறகு, ஆஸ்திரேலியாவுக்கு ஆடத் தெரிந்த கேப்டனைவிட முகம் சுளிக்க வைக்காத கேப்டன் அவசரமாகத் தேவைப்பட்டார். அந்த அவசரம் இல்லாவிட்டால் ஒரு வேகப்பந்து வீச்சாளருக்குக் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகமே. அதற்கு முன் அவர்களின் வேகப்பந்து வீச்சாளர்களில் லிண்ட்வால் 1956-ல் பம்பாயில் ஒரே ஒரு டெஸ்டுக்குத் தலைமை தாங்கியதோடு சரி. "நல்ல பையன்" பட்டம் அப்படி ஒட்டியது. 2023 ஆஷஸில் (இங்கிலாந்தோடு ஆடும் டெஸ்ட் தொடர்) லார்ட்ஸில் இங்கிலாந்தின் பேர்ஸ்டோவை கீப்பர் கேரி ஸ்டம்பிங் செய்தபோது அப்பீலைத் திரும்பப் பெறவில்லை என்றதும் பட்டம் தலைகீழானது. அடுத்த ஏப்ரலில் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் கேப்டனாக ஹைதராபாத்தில், ஓடிக்கொண்டிருந்த சென்னையின் ஜடேஜா மேல் எறிந்த பந்து பட்டபோது, பந்தை மறித்தார் என்ற அப்பீலை விட்டுக்கொடுத்ததும் மறுபடி நல்ல பையன். (அடுத்து தோனி வந்துவிடுவார் என்ற பயம்தான் என்று சொன்னவர்களும் உண்டு. சிரிக்க நன்றாகத்தான் இருக்கிறது.) லார்ட்ஸில் பந்து இன்னும் உயிரோடு இருக்கும்போது கோட்டைத் தாண்டியது பேட்ஸ்மேன், விதிப்படி அவுட். முகத்தை மாற்றிக்கொண்டது நாம்தான்.

அதற்காக அவரைக் குறையே இல்லாத கேப்டன் என்று சொல்லவில்லை. எட்ஜ்பாஸ்டனில் அதே ஆஷஸின் முதல் பந்துக்கே தற்காப்பாக, எல்லைக்கோட்டருகே டீப் பாயின்ட் வைத்தார். கிராலி அந்தப் பந்தையே கவரில் ஃபோர் அடித்தார். ஓல்ட் டிராஃபோர்டில் ஸ்பின்னரே இல்லாத அணியோடு இறங்கி, இங்கிலாந்து 592 அடித்தது. அவர் பந்தில் மட்டும் 129 ரன் போனது. பந்துவீசும் கேப்டனின் நிரந்தரச் சிக்கல் இது. அடி வாங்கியவனே மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த ஓவர் யாருக்கு, ஃபீல்டு எங்கே என்று யோசிக்க வேண்டும். அன்று ஃபீல்டு பந்தின் பின்னாலேயே ஓடியது. அடித்த இடத்துக்கு ஆளை அனுப்பினால், அடுத்த பந்து காலியான இடத்துக்குப் போகும்.

2024 ஐபிஎல்லில், சேப்பாக்கத்தில் சன்ரைசர்ஸ் கேப்டனாக அவருடைய இரண்டு முகமும் இரண்டே நாளில் தெரிந்தன. ராஜஸ்தானுக்கு எதிராக ஷாபாஸ், அபிஷேக் என்று இடதுகை ஸ்பின்னர் இரண்டு பேரை வைத்து 175-ஐக் காத்தார். இருவருக்கும் சேர்த்து 5 விக்கெட். ஷாபாஸை இம்பாக்ட் வீரராக (ஆட்டத்தின் நடுவே இறக்கும் மாற்று வீரர்) இறக்கியது பயிற்சியாளர் வெட்டோரியின் யோசனை என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். கொல்கத்தாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் டாஸ் வென்று பேட்டிங் எடுத்தார். முதல் ஓவரிலேயே, இம்முறை எதிரணியில் இருந்த ஸ்டார்க் அபிஷேக்கின் ஸ்டம்பைச் சாய்த்தார். 113-க்கு ஆல் அவுட், அதில் கம்மின்ஸ் அடித்த 24-தான் அதிகபட்சம்.