எழுதுகிறவருக்கு எழுதுகிறவர்

சிறுகதை எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலன் 1944 ஏப்ரலில் கும்பகோணத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. அதற்குப் பிறகுதான் இரங்கல்கள் வந்தன, குடும்பத்துக்கு நிதி திரட்டும் பேச்சும் வந்தது. அந்த வேளையில் புதுமைப்பித்தன் கோபம் தாங்காமல் ஒரு கவிதை எழுதினார். இருக்கும்போது ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் செத்த பிறகு நிதி திரட்ட வேண்டாம், கல்லில் வடித்து வைக்க வேண்டாம், புலம்பவும் வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். நான்கே வருடம். சினிமா வேலைக்குப் புனே போன இடத்தில் காசநோய் முற்றி, 1948-ல் திருவனந்தபுரத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் வயது 42. அவர் மனைவிக்கும் சின்ன மகளுக்குமாக நண்பர்கள் நிதி திரட்ட வேண்டியதாயிற்று.

இதைப் பலரும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எண்பது வருடம் கழிந்தும் நம் பழக்கம் பெரிதாக மாறவில்லை. யாரோ ஒரு கவிஞர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் படம் டைம்லைனில் வருகிறது. கீழே ஜீபே எண். அதற்குக் கீழே "மீண்டு வாருங்கள் தோழர்" என்று நூறு பேர். அடுத்த வாரம் அதே ஆட்கள் கறுப்பு வெள்ளைப் படம் போடுகிறோம்.

பணம் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. ஐசியூ பில் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் தேவை பணம்தான். சொந்தபந்தம் கைவிரித்த இடத்தில் முகம் தெரியாத வாசகர் அனுப்பிய ஐநூறு ரூபாய் மருந்துச் சீட்டுக்கு ஆகியிருக்கிறது. அதை அனுப்புங்கள், தொடர்ந்து அனுப்புங்கள். நான் சொல்ல வந்தது வேறு. எழுதுகிறவர் கஷ்டத்தில் விழும்போது முதலில் பறிபோவது, 'நான் எழுதுகிறவன்', 'நான் எழுதுகிறவள்' என்ற நினைப்பு. ஆஸ்பத்திரியில் அவர் நோயாளி, இல்லையென்றால் நோயாளியின் மனைவி. வீட்டுக்காரருக்கு அவர் வாடகை பாக்கி வைத்தவர். உறவுக்காரர்களுக்கு, "எழுதி என்னத்தைக் கண்ட" என்று கேட்க வாய்ப்பாக அமைந்தவர். அவரை எழுதுகிறவராகவே பார்க்க, அந்த வேலையை நடுவில் நிற்காமல் பிடித்து நிறுத்த, இன்னொரு எழுதுகிறவரால்தான் முடியும். டாக்டராலும் முடியாது, அண்ணன் தம்பியாலும் முடியாது.

கு.ப.ரா.வுக்கே அப்படி ஒரு துணை வீட்டிலேயே இருந்தது. கண்பார்வை மங்கி, பார்த்துக்கொண்டிருந்த அரசாங்க வேலையையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த காலத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள். பிறகு சேது அம்மாளே நல்ல சிறுகதைக்காரராக வந்தார். அண்ணனுக்குப் பார்வை இல்லாத நாட்களில் அந்த வீட்டில் கதை நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி.

எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர் பரலி சு. நெல்லையப்பரையும் சொல்லியாக வேண்டும். பாரதி புதுச்சேரியை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்த காலம் அது. சொந்த ஊர் பக்கம் வந்தால் கைது. கையிலும் காசில்லை. சென்னையில் இருந்த நெல்லையப்பர், 1917-ல் பாரதியின் பாடல்களைச் சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டார். அவரே வசதியானவர் இல்லை. 'பாவம் பாரதி' என்று அவர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை, பாரதியை அச்சில் ஏற்றினார். பாரதி அவரைத் தம்பி என்றுதான் அழைத்தார். அந்த உறவுக்கு நெல்லையப்பர் கொடுத்த மரியாதை அந்தப் புத்தகங்கள்.

என் கதையும் கொஞ்சம் சொல்கிறேன். என் கணவர் விபத்தில் சிக்கி மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் ஒரு பதிப்பகத்துக்கு ஒத்துக்கொண்ட மொழிபெயர்ப்பைப் பாதியில் வைத்திருந்தேன். முன்பணம் வாங்கிச் செலவும் ஆகிவிட்டது. ஐசியூ வாசலில் வரிசையாகப் போட்டிருக்கும் ஸ்டீல் நாற்காலியில், செருப்புகளுக்கு நடுவே பையை வைத்துக்கொண்டு, எந்நேரமும் உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருப்பேன். கோவில்பட்டியிலிருந்து ஒரு அக்கா வந்தார். கதை எழுதுகிறவர். அதுவரை போனில் பேசியதுதான், நேரில் பார்த்ததில்லை. டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தார். அவர் எப்படியிருக்கார் என்று விசாரித்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கேட்டார்:

"நீ எந்த அத்தியாயத்துல நிக்க?"

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. "அது கிடக்கட்டும்க்கா, இப்ப அதா முக்கியம்" என்றேன்.

"முக்கியம்தான். முடிச்ச மட்டும் என்கிட்ட குடு. நான் பார்க்கேன். நீ ராத்திரி முழிச்சுத்தான இருக்கப் போற, நாளைக்கு ரெண்டு பக்கம் பண்ணு. ரெண்டே பக்கம்."

பையில் கிடந்த பிரின்ட் அவுட்டுகளை அவரே எடுத்துக்கொண்டார். அங்கேயே, அந்த நாற்காலியிலேயே பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று செக்யூரிட்டி வந்து சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. ஓரத்தில் குட்டி எழுத்தில் குறித்திருந்தார்: "இந்த வாக்கியம் மூச்சு வாங்குது, ரெண்டாப் பிரி." இன்னொரு பக்கத்தில், "இங்க எனக்கு அழுகை வந்துட்டு. தொடாத." அந்தக் கட்டிடத்தில் என்னிடம் ரத்த குரூப் கேட்டார்கள், இன்சூரன்ஸ் கார்டு கேட்டார்கள், கையெழுத்துக் கேட்டார்கள். என் வாக்கியத்தைப் பற்றிப் பேசியவர் அந்த அக்கா ஒருவர்தான். அன்று ராத்திரி இரண்டு பக்கம் செய்தேன். மறுநாளும் செய்தேன். புத்தகம் சொன்ன தேதிக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. பதிப்பகத்திடம் அந்தத் தவணைக்காகப் பேசியதும் அக்காதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்து வேறு ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

அதே வாரம் ரத்தம் தேவைப்பட்டது. வந்து கொடுத்தவர்களில் ஒருவர், இந்த முகநூலில் என் அரசியலைக் கிழித்துத் தொங்கப்போடும் கவிஞர். படுத்தார், கொடுத்தார், அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். எனக்கு அவர்மேல் மரியாதை ஒரு துளியும் குறைந்ததில்லை.

இதை வேண்டுமென்றே சொல்கிறேன். தமிழில் எழுதுகிறவர்களுக்குள் இருக்கும் உதவி பெரும்பாலும் குழுவுக்குள்ளேயே சுற்றுகிறது. நம்ம ஆள் என்றால் ஓடுகிறோம். அந்த அணி, அந்தப் பத்திரிகை, அந்தச் சாதி, அந்தக் கட்சி என்றால் "அவங்க ஆட்கள் பார்த்துப்பாங்க" என்று நகர்ந்துவிடுகிறோம். அவருக்கு ஆட்களே இல்லாமல் இருந்தால்? எந்தக் குழுவிலும் சேராமல் ஒதுங்கி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சின்ன ஊரிலிருந்து எழுதும் பெண்கள் பலருக்கு வீட்டுக்கு வெளியே குழு என்ற ஒன்றே கிடையாது. அவர்களுக்குக் கஷ்டம் வந்தால் நமக்குச் செய்தியே வராது. ஆறு மாதமாக ஆளைக் காணோமே என்று தோன்றும்போது போனை எடுக்க வேண்டியது நாம்தான்.

பெருமாள்முருகனுக்கு நடந்தது நாம் எல்லோரும் பார்க்க நடந்தது. 2014 கடைசியில் அவருடைய 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பி, திருச்செங்கோட்டில் கடையடைப்பு வரைக்கும் போனது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டிய பேச்சுவார்த்தையில், மன்னிப்புக் கேட்டு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று இதே முகநூலில்தான் அறிவித்தார். சொந்த ஊரை விட்டுக் குடும்பத்தோடு சென்னைக்குப் போனார்.

ஆதரவுக் கூட்டங்கள் எத்தனையோ நடந்தன. நல்ல விஷயம். ஆனால் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் ஒரு படி மேலே போனது. சிறுகதை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அப்போது அதன் தலைவர். அந்தப் 'பேச்சுவார்த்தை' முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று கேட்டு அவர் பெயரில் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். எழுதுவதையே நிறுத்திவிட்டேன் என்று சொன்ன ஒருவருக்காக, எழுதிக்கொண்டிருக்கிற இன்னொருவர் மனுதாரராக நின்றார். வழக்கு என்றால் வக்கீல், வாய்தா, ஆவணம், மாதக்கணக்கில் அலைச்சல். கைதட்டு எதுவும் கிடைக்காத வேலை. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்த முடிவுக்குச் சட்டப்படி எந்த வலுவும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அவர் மீண்டு வந்து எழுதட்டும் என்று தீர்ப்பின் கடைசியில் எழுதியிருந்தார்கள். அவரும் எழுதினார். மௌனமாக இருந்த காலத்தில் எழுதி வைத்திருந்த கவிதைகள் முதலில் வந்தன, பிறகு நாவல்கள். அந்த நாவலைப் பிடிக்காத எழுத்தாளர்களும் அன்று அவர் பக்கம் நின்றார்கள். அதுதான் சரி. ஒருவருடைய எழுத்தைக் கடுமையாக விமர்சிக்கிற உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளவாவது, அவர் எழுதும் உரிமைக்காக நாம் நின்றாக வேண்டும்.

ஃபிரான்சிஸ் கிருபாவை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 2019 மே மாதம் கோயம்பேட்டில், வலிப்பு வந்து துடித்த ஒருவரைத் தாங்கிப் பிடிக்கப் போய், அந்த மனிதர் இறந்துவிட, கொலைச் சந்தேகத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார் அந்தக் கவிஞர். சேதி தெரிந்த கணமே நண்பர்களும் எழுத்தாளர்களும் அங்கே ஓடினார்கள். இவர் யார், என்ன எழுதியவர், எப்படிப்பட்ட மனுஷன் என்று எடுத்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அது கொலையில்லை என்று தெளிவாகி வெளியே வந்தார். 2021 செப்டம்பரில் இறந்தார். அந்த ஒரு நாள் ஓடிய நாம், இடைப்பட்ட இரண்டு வருடமும் அவரோடு அதே வேகத்தில் இருந்தோமா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. நெருக்கமான சிலர் இருந்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நெருக்கடியில் ஓடிவருவது நமக்கு வருகிறது. நெருக்கடி இல்லாத செவ்வாய்க்கிழமையில் விசாரிப்பதுதான் வருவதில்லை.

யாழ்ப்பாணத்தில் எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966-ல் தொடங்கிய 'மல்லிகை' இதழில், உயிரோடு இருக்கிற எழுத்தாளர்கள், கலைஞர்கள் படத்தை அட்டையில் போட்டார். போர் நடந்த ஊரில், இதழைத் தானே கையில் சுமந்து விற்றுக்கொண்டே இதைச் செய்தார். கஷ்டகாலத்தில் தன் முகத்தை ஒரு இதழின் அட்டையில் பார்க்கிறவருக்கு அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் அஞ்சலிக்கென்று எடுத்து வைத்திருக்கும் நல்ல வார்த்தைகளில் பாதியையாவது முன்னாலேயே சொல்லிவிடலாம்.

இன்னொன்று, நிலையான ஏற்பாடு. லண்டனில் ஒரு மொழிபெயர்ப்பாளர், கிரேக்கத்திலிருந்து பிளேட்டோவைக் கொண்டுவந்தவர், கடனுக்காகச் சிறைபட்டுச் செத்த கொடுமையைப் பார்த்துத்தான் 1790-ல் 'ராயல் லிட்டரரி ஃபண்ட்' தொடங்கப்பட்டது. இன்றும் நடக்கிறது. 1915-ல் உலகப்போருக்கு நடுவே சூரிச்சில் குடும்பத்தோடு தவித்த ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு அங்கிருந்து 75 பவுண்டு போனது. அதற்காகப் பரிந்து பேசியவர்கள் யேட்ஸும் எஸ்ரா பவுண்டும். இரண்டு கவிஞர்கள், வேறொருவரின் வீட்டு அடுப்புக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். படம் போட வேண்டியதில்லை, ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். அரசு தரும் விருதும் உதவித்தொகையும் தேவைதான், ஆனால் அவை விண்ணப்பம், சான்றிதழ், வயது வரம்பு என்று போகும். மருந்துக் கடைக்காரர் காத்திருக்க மாட்டார். பத்துப் பதிப்பகங்களும் நூறு எழுத்தாளர்களும் மாதம் ஒரு தொகை போட்டு, கட்சி சார்பில்லாத இரண்டு மூன்று பெரியவர்கள் பொறுப்பில் வைத்தால், கட்டில் படம் போடாமலே ஒருவரைக் காப்பாற்றலாம். பதிப்பாளர்கள் தர வேண்டிய ராயல்டியைக் கணக்குப் பார்த்து ஒழுங்காகக் கொடுத்தாலே சிலருடைய கஷ்டம் பாதி தீரும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

நள்ளிரவில் மனம் உடைந்து இளையவர்கள் போடும் பதிவுகளுக்கு இதய எமோஜி போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நம்பர் இருந்தால் கூப்பிடுங்கள். இல்லையென்றால் நம்பர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். அறிவுரை வேண்டாம். என்ன எழுதிக்கிட்டிருக்கே, எனக்கு அனுப்பேன் என்று கேளுங்கள், அனுப்பினால் படித்துவிட்டு நேர்மையாகச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு வேலை. நம்மில் ஒருவர் சிகிச்சையில் இருக்கிறார். யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், கமெண்டில் கேட்காதீர்கள், ஊகிக்கவும் வேண்டாம். அவருடைய சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. மெய்ப்புப் பார்க்க அவரால் இப்போது உட்கார முடியாது. நாங்கள் சிலர் கதைகளைப் பிரித்துக்கொண்டோம். கடைசி நான்கு கதைகளுக்கு ஆள் வேண்டும். வட்டார வழக்கைத் 'திருத்தி' விடாதவராக, தென்மாவட்டப் பேச்சு காதில் இருப்பவராக இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துத் தர முடிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், பிடிஎஃப் அனுப்புகிறேன்.